ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தால் யாரும் ஓட முடியாது: கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில வேலைகள்

வீட்டிலோ ஆபீசிலோ தீப்பிடித்தால் சொல்ல வேண்டியது ஒன்றுதான், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல முடியாது. வென்டிலேட்டரில் இருப்பவர், ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் படுத்திருப்பவர், இன்குபேட்டரில் இருக்கும் பச்சைக் குழந்தை, உடைந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருப்பவர், இவர்களில் ஒருவரும் எழுந்து நடக்கப் போவதில்லை. ஆகவே இங்கே முதல் வேலை, தீயையும் புகையையும் பிடித்த இடத்திலேயே அடைத்துவைப்பது. அடைத்துவைப்பது சுவரும் கதவும்தான். அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது பராமரிப்புப் பிரிவு, அதாவது நாம்.

பல வருடங்களாக இந்த வேலையில் இருப்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வாங்கிப்போட்ட கருவிகள் குறைவு என்பதால் தீ நேரத்தில் நம்மைக் கைவிட்ட கட்டடங்களை விட, இருக்கிற கருவிகளை யாரும் பார்க்காததால் நம்மைக் கைவிட்ட கட்டடங்களே அதிகம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு டார்ச், ஓர் ஏணி, ஒரு நோட்டு, கொஞ்சம் பிடிவாதம் இருந்தால் போதும்.

முதலில் தடுப்புச் சுவர் எங்கே என்று தெரியுமா?

ஒவ்வொரு மாடியின் வரைபடத்தையும் எடுத்து, தீயைத் தடுக்கும் சுவர்களைச் சிவப்பு மையால் கோடு போடுங்கள். வரைபடம் இல்லையென்றால் நடந்து பார்த்து நீங்களே வரையுங்கள். ஒரு மாடி குறைந்தது இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டும், நடுவில் தடுப்புச் சுவரும் தீக்கதவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தீப்பிடித்தால் கட்டில்களைத் தள்ளிக்கொண்டு அதே மாடியின் மறுபக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் ஆஸ்பத்திரிக்கான முறை. படியில் இறக்குவது அதற்கப்புறம், வேறு வழியே இல்லாதபோது. நோயாளியைப் பெட்ஷீட்டோடு படியில் இறக்க இரண்டு மூன்று பேர் வேண்டும், நேரம் பிடிக்கும், ஆக்ஸிஜனில் இருப்பவர் வழியிலேயே மூச்சுத் திணறிவிடுவார்.

சரி, சிவப்புக் கோடு போட்டாயிற்று. இப்போது ஏணியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குப் போங்கள். தாழ்வாரத்தில் இருக்கும் இரட்டைக் கதவுக்கு நேர் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு டைலைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு டார்ச் அடியுங்கள்.

நான் ஒரு தடவை இப்படிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கீழே புத்தம் புதுத் தீக்கதவு, தயாரித்தவர் ஒட்டிய முத்திரைகூடப் பளபளவென்று இருந்தது. மேலே சுவரில் ஒரு மனிதத் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. கேமரா கேபிள் இழுக்க வந்தவர்கள் சுத்தியலால் உடைத்துவிட்டு, கட்டாகக் கேபிளை விட்டு, அப்படியே போய்விட்டார்கள். டார்ச்சை அணைத்ததும் அந்த ஓட்டை வழியே அடுத்த வார்டின் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் வருகிற வழியில் புகை வராதா? அதுவும் சூடான புகை முதலில் ஏறி நிற்பதே சீலிங்குக்குத்தான். கதவுக்குச் செலவழித்த பணம் மொத்தமும் அந்த ஓட்டையில் போய்விட்டது.

ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே ஃபோம் எரியும், அது வேண்டாம். பேப்பரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுவதும் வேண்டாம். சின்ன இடைவெளிக்குச் சூட்டில் உப்பும் தீத்தடுப்பு சீலன்ட், பெரிய ஓட்டைக்குப் பூச்சு பூசிய ராக்வுல் (எரியாத கல் இழை) போர்டு, கேபிள் ட்ரேக்கு அதற்கென்றே செய்த அடைப்பு, இவைதான் சரி. பிளாஸ்டிக் பைப் போகிற இடத்தில் தனிக் கவனம் தேவை. தீப்பிடித்தால் பைப் உருகிப்போய் அந்த இடமே ஓட்டையாகிவிடும், அதனால் பைப்பைச் சுற்றித் தீத்தடுப்புக் காலர் மாட்டுங்கள், அது சூட்டில் உப்பி உள்நோக்கி நெருக்கி வழியை மூடிவிடும். கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறிப்போகும் மின்சார ஷாஃப்ட்டையும் மறக்காதீர்கள், மாடிக்கு மாடி தளத்தில் அடைப்பு இல்லாத ஷாஃப்ட் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அதற்குள் துடைப்பமும் பழைய டியூப்லைட்டும் அட்டைப்பெட்டியும் அடுக்கிவைக்கிற வழக்கம் இருந்தால் இன்றைக்கே காலி செய்யுங்கள்.

ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ, தேதி. அப்புறம் ஒரு விதி: நெட்வொர்க், ஏசி, பிளம்பிங், யார் வேலை செய்தாலும் நீங்கள் ஏணியில் ஏறிச் சீலிங்குக்கு மேலே பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒரு விதியால் வந்த பலன் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

கதவு

தீக்கதவை முழுக்கத் திறந்து விடுங்கள், தானாக வந்து சாத்தி லாட்ச் 'டக்' என்று விழ வேண்டும். அடுத்து ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள், அப்போதும் விழ வேண்டும். கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் குளோசர்கள் பல முதல் சோதனையில் தேறிவிடும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். கதவுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், விரல் நுழைந்தால் புகையும் நுழையும். ஓரத்தில் ஓடும் தீத்தடுப்புப் பட்டை இருக்கிறதா, பெயின்டர் அதையும் சேர்த்து அடித்துவிட்டாரா என்று தடவிப் பாருங்கள்.

கதவுக்கு ஆப்பு வைத்திருந்தால், தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக்கொடுத்து வைத்திருந்தால், சிஸ்டர்களைத் திட்டாதீர்கள். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனையோ தடவை ட்ராலியோடு அந்தக் கதவைத் தாண்டுகிறவர்கள் அவர்கள். கதவு கனமாக இருக்கிறது, அதனால் ஆப்பு வைக்கிறார்கள். அங்கே தீ அலாரத்தோடு இணைந்த காந்தப் பிடிப்பான் மாட்டிக் கொடுங்கள், சாதாரண நேரத்தில் கதவு திறந்தே நிற்கும், அலாரம் அடித்தால் விட்டுவிடும், தானாகச் சாத்திக்கொள்ளும். ஆப்பு அதற்கப்புறம் தானாக மறைந்துவிடும்.

1961 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையில் குப்பை கொட்டும் குழாயில் பிடித்த தீ ஒன்பதாவது மாடியில் வெடித்து வெளியே வந்தது. 16 பேர் இறந்தார்கள். அதே தாழ்வாரத்தில் அறைக்கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். கதவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வார்டு ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் சொல்வது இதைத்தான். துணி போடும் குழாயும் குப்பைக் குழாயும் உங்கள் கட்டடத்தில் இருந்தால் ஒவ்வொரு மாடியிலும் அதன் மூடி இறுக்கமாகச் சாத்துகிறதா என்று பாருங்கள்.

ஏசி டக்ட்டும் அடித்தளமும்

நெருப்பு பட்டு இறப்பவர்களை விடப் புகையில் இறப்பவர்கள் அதிகம். புகைக்கு நாமே போட்டுக் கொடுத்த ராஜபாட்டைதான் ஏசி டக்ட். 1929 மே 15 அன்று கிளீவ்லாந்து கிளினிக்கில் அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த பழைய நைட்ரோசெல்லுலோஸ் எக்ஸ்ரே பிலிம் எரிந்தபோது வந்த விஷவாயு கட்டடம் முழுக்கப் பரவி 123 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அந்த பிலிம் இல்லை. ஆனால் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையிலும் தீ தொடங்கியது அடித்தளத்தில்தான், எளிதில் எரியும் சாமான்கள் அடைத்துக் கிடந்த இடத்தில். மேல் மாடிகளில் படுத்திருந்தவர்கள் உட்படச் சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. இரண்டுக்கும் நடுவில் எண்பது வருடம், நடந்தது ஒரே மாதிரி.

எனவே அடித்தளத்துக்கு இறங்கிப் போங்கள். உடைந்த மெத்தை, பழைய ரெக்கார்டுகள், தெர்மாகோல், பெயின்ட் டப்பா, சானிடைசர் கேன், எல்லாம் வெளியே போகட்டும். வைத்தே ஆக வேண்டியதைத் தீக்கதவும், சூடு பட்டால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் உள்ள தனி ஸ்டோரில் வையுங்கள். ஸ்பிரிட்டும் சானிடைசரும் துணி வைக்கும் அறையில் சேர்ந்து இருக்கவே கூடாது.

தடுப்புச் சுவரைத் தாண்டும் ஒவ்வொரு டக்ட்டிலும் ஃபயர் டேம்பர் என்று ஒரு தகடு இருக்க வேண்டும். பல வகைகளில் 72 டிகிரி அளவில் உருகும் ஓர் இணைப்பு அதைத் திறந்தபடி பிடித்திருக்கும், உருகினால் தகடு விழுந்து மூடும். பார்க்கத் திறக்கிற மூடியே இல்லாத டேம்பர்களை நான் பார்த்திருக்கிறேன், யாரோ கம்பி போட்டுத் திறந்தபடியே கட்டிவைத்தவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கையால் விட்டுப் பார்த்து, மூடுகிறதா என்று எழுதிவையுங்கள். தீ அலாரம் அடித்தால் அந்தப் பகுதியின் ஏசி ஃபேன் தானாக நிற்க வேண்டும். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பாமல், ஒருவர் டிடெக்டரில் சோதனைப் புகை அடிக்க, இன்னொருவர் ஃபேன் பக்கத்தில் நின்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மின்சாரமும் ஆக்ஸிஜனும் ஒரே அறையில்

ஐசியூவை நான் தனியாக எடுத்து எழுதக் காரணம் இருக்கிறது. மற்ற அறைகளில் ஏசி ராத்திரியாவது ஓயும், இங்கே 24 மணி நேரமும் ஓடும். ஒரு கட்டிலுக்கு வென்டிலேட்டர், மானிட்டர், நான்கைந்து சிரிஞ்ச் பம்பு, வார்மர். கட்டும்போது போட்ட வயர் அந்த லோடுக்குப் போட்டதா? பெரும்பாலும் இல்லை. கட்டிலுக்கு எத்தனை சாக்கெட், எத்தனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று எண்ணுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருந்தால் அங்கே ஒரு சாக்கெட் குறைகிறது என்று அர்த்தம், நிரந்தர சாக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு பாக்ஸை எடுத்துவிடுங்கள்.

எம்சிபி, அதாவது லோடு கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுந்தால், 'பெரிய எம்சிபி போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். வயர் தாங்காது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது, பெரியது போட்டால் அடுத்தபடி சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர். முழு லோடில் ஓடும்போது தெர்மல் கேமராவால் பேனல்களைப் பார்க்க வேண்டும், தளர்ந்த லக் (வயர் நுனியை இணைக்கும் உலோகத் துண்டு) அதில் பளிச்சென்று தெரியும். கேமரா கிடைக்காவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி லக்குகளை இறுக்குங்கள், நிறம் மாறிய இன்சுலேஷன், கருகிய வாடை இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி உள்யூனிட்டின் இணைப்புகளையும் திறந்து பாருங்கள், அது நோயாளியின் தலைக்கு மேலே இருக்கிற மின்சாதனம். மேல்மாடிக் கழிவறையிலிருந்து ஒழுகும் தண்ணீர் கீழே பேனல் மேல் சொட்டுகிறதா? ஈரக்கசிவைப் பெயின்ட் கெட்டுப்போகிற பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். பேனல் இருக்கிற சுவரில் ஈரம் கண்டால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் மற்றதையெல்லாம் வேகமாக எரியவைக்கும். காற்றில் சாதாரணமாக 21 சதவீதம் இருக்கிறது, 23.5ஐத் தாண்டினால் பெட்ஷீட், தலைமுடி, மெத்தை எல்லாம் வேறு விதமாக எரியும், ஒரு பொறி போதும். மூக்கு வழியே அதிக வேகத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கும் கருவி ஒன்றே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை விடும். பத்துக் கட்டிலில் அப்படி ஓடினால் அந்த அறைக்கு வெளிக்காற்று வந்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றி விடும், இதை நிறைய மருத்துவர்கள்கூடக் கவனிப்பதில்லை. எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று ஒரு டிஷ்யூ பேப்பரை கிரில்லில் வைத்துப் பாருங்கள், ஒட்டி நிற்க வேண்டும்.

சிஸ்டர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: நோயாளியிடமிருந்து மாஸ்க்கைக் கழற்றினால் ஃப்ளோமீட்டரை மூடுங்கள், மாஸ்க்கைக் கட்டிலில் போட்டபடி ஓடவிடாதீர்கள். போர்வைக்குள் ஆக்ஸிஜன் தங்கும். நாம் செய்ய வேண்டியது: ராத்திரி அமைதியாக இருக்கும் நேரத்தில் சுவர் அவுட்லெட் ஒவ்வொன்றிலும் 'உஸ்' சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரை விட்டுச் சோதித்து, ரப்பர் சீலை மாற்றுவது. ஆக்ஸிஜன் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, உயர் அழுத்த ஆக்ஸிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றும்.

வார்டுக்கு வெளியே இருக்கும் ஜோன் வால்வில் (அந்தப் பகுதிக்குப் போகும் ஆக்ஸிஜனை மொத்தமாக நிறுத்தும் வால்வு) எந்தெந்தக் கட்டில் என்று தெளிவாக எழுதுங்கள். தீப்பிடித்தால் அதை மூட வேண்டும், ஆனால் யார் மூடுவது? எல்லாரும் மூடலாம் என்றால் பதற்றத்தில் வேறு வார்டின் வால்வை மூடிவிடுவார்கள். ஷிஃப்ட் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குச் சிறிய சிலிண்டரும், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் கைக்கு வந்துவிட்டது என்று பார்த்த பிறகு.

ஆபரேஷன் தியேட்டரைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பிரிட் கலந்த மருந்தால் தோலைத் துடைத்தால் குறைந்தது 3 நிமிடம் காய விட வேண்டும், முடி உள்ள இடத்தில் இன்னும் அதிகம், அதற்கு முன் காட்டரி (மின்சூட்டால் வெட்டும் கருவி) கூடாது. மற்றது மருத்துவர்கள் கையில்.

தண்ணீர் வருமா?

நான் புதிதாகச் சேர்ந்த ஓர் இடத்தில் முதல் வாரம் பம்பு ரூமுக்குப் போனேன். பளிச்சென்று சிவப்பு பெயின்ட், சுத்தமான தரை, கேஜில் பிரஷர் சரி. மெயின் பம்பின் செலக்டர் சுவிட்ச் மட்டும் 'மேனுவல்' என்ற இடத்தில் நின்றது. சர்வீஸ் செய்ய வந்தவர் சோதித்துவிட்டுத் திருப்பி ஆட்டோவில் வைக்க மறந்திருக்கிறார். பதிவேட்டைப் புரட்டினேன், கடைசி சர்வீஸ் நான்கு மாதம் முன்பு. அந்த நான்கு மாதமும் மேலே முந்நூறு பேர் படுத்திருந்தார்கள், தீப்பிடித்திருந்தால் பம்பு தானாக ஓடியிருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் சுவிட்சை ஒருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தேன்.

சோதனையும் அப்படித்தான், பட்டனை அழுத்திப் பம்பை ஓடவிடுவது சோதனை ஆகாது. டெஸ்ட் வால்வைத் திறந்து பிரஷரை இறக்குங்கள். முதலில் ஜாக்கி பம்பு (குழாயில் பிரஷரைத் தக்கவைக்கும் சின்ன பம்பு), அப்புறம் மெயின் பம்பு, யாரும் தொடாமல் ஓட வேண்டும். மெயினின் மின்சாரத்தை நிறுத்தினால் டீசல் பம்பு எடுத்துக்கொள்ள வேண்டும். டீசல் பம்பை வாரம் ஒரு முறை 30 நிமிடம் ஓடவிடுங்கள், பேட்டரியையும் டீசல் அளவையும் பாருங்கள். வெளியேறும் குழாயின் வால்வு முழுக்கத் திறந்து, சங்கிலி போட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே 45 சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும், ஸ்டோரில்தான் இது அடிக்கடி தவறும். டிடெக்டர்களில் பெயின்ட் அடிக்கும்போது போட்ட பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பேனலில் 'ஐசொலேட்' செய்து வைத்த புள்ளிகளின் பட்டியலை எடுங்கள், பொய் அலாரம் அடித்தது என்று ஒரு நாளைக்கு அணைத்தவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தீயணைப்பு சிலிண்டரில் பவுடர் வகைக்கு முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்கலாம், சிஓ2 வகைக்கு முள் கிடையாது, எடைதான் போட வேண்டும், 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குக் காந்தம் இழுக்காத வகை மட்டும். சாதாரண சிலிண்டரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினால் அது கையை விட்டுப் பறந்து ஆளை அடிக்கும்.

வெல்டிங், கிரைண்டிங் வேலை எதுவானாலும் எழுத்து அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியதை அகற்றி, அகற்ற முடியாததைத் தீத்தடுப்புத் துணியால் மூடி, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆள் நிற்க வேண்டும். பொறி எங்கேயாவது இடுக்கில் விழுந்து புகைந்துகொண்டே இருக்கும், எல்லாரும் போன பிறகுதான் எழும்பும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரில்

பகல் பதினொரு மணிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, எல்லாரும் சிரித்துக்கொண்டே படியிறங்கி போட்டோ எடுத்துக்கொள்வது எதற்கும் உதவாது. வார்டில் இரண்டு சிஸ்டர், ஓர் உதவியாளர் மட்டும் இருக்கும் நேரத்தில் செய்து பாருங்கள். நிஜ நோயாளிகளைத் தொட வேண்டாம், காலிக் கட்டிலில் ஒரு ஊழியரைப் படுக்கவைத்து, வென்டிலேட்டர் ஸ்டாண்டு, பம்புகள், சிலிண்டர் எல்லாம் மாட்டித் தள்ளச் சொல்லுங்கள். தீக்கு மிக அருகில் இருப்பவர் முதலில், அப்புறம் நடக்கக்கூடியவர்கள், அதன் பிறகு மற்றவர்கள் என்ற வரிசையும் அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும்.

நாங்கள் முதல் தடவை செய்தபோது கட்டில் தீக்கதவிலேயே மாட்டிக்கொண்டது. இரட்டைக் கதவில் ஒரு பாதி மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கட்டில் மட்டும் என்றால் ஒரு பாதியில் போய்விடும், பக்கத்தில் பம்பு ஸ்டாண்டோடு போகவில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, ஸ்க்ரூடிரைவர் கொண்டுவர ஆள் ஓடினார். கடிகாரத்தில் ஆறு நிமிடம். நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதே ட்ரில்லில் படிக்கட்டுக் கதவையும் பாருங்கள். திருட்டுப் போகிறது என்று செக்யூரிட்டி பூட்டிவைத்து, சாவி கீழே ரிசப்ஷனில் தொங்கும். உள்ளிருந்து தள்ளினால் சாவியில்லாமல் திறக்க வேண்டும், யார் திறந்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அலாரம் மாட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பிகளில் சிலவற்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி செய்யுங்கள். லிஃப்டை யாராவது அழுத்தினால் நிறுத்தி ஏன் கூடாது என்று அங்கேயே சொல்லுங்கள், தீயணைப்புக்கென்று தனியாக அமைத்த லிஃப்ட் தவிர மற்றது புகைக்கு நடுவில் நின்றுவிடும். குழந்தைகள் வார்டுக்குப் பல பைகள் வைத்துத் தைத்த தூக்குச்சட்டை கிடைக்கிறது, ஒரு சிஸ்டர் பல குழந்தைகளை ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு போகலாம். அது அலமாரிக்குள் பூட்டாமல் கதவு பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும்.

ட்ரில் முடிந்ததும் மாட்டிக்கொண்டது எது, யார் சரிசெய்வார், எந்த தேதிக்குள் என்று அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாழ்ப்பாளை மறுநாள் காலையிலேயே கழற்றிவிட்டுத் தானாகத் திறக்கும் வகையை மாட்டினோம். அடுத்த மாதம் அதே கட்டிலை, அதே ஸ்டாண்டோடு, அதே ராத்திரி நேரத்தில் அதே கதவு வழியாகத் தள்ளிப் பாருங்கள்.